ஜாங்கோ டெம்ப்ளேட்டில் தமிழ் உரையை ஒழுங்காகக் காட்ட சொந்த ஃபில்டர் எழுதுவது: முழு வழிகாட்டி

பைத்தானின் இணையக் கட்டமைப்பான ஜாங்கோவில் ஒரு தளம் கட்டி, தரவுத்தளத்திலிருந்து தமிழ் உரையை எடுத்துப் பக்கத்தில் காட்டும் நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கான வழிகாட்டி இது. எண்ணில் காற்புள்ளி போடுவது, நீளமான பதிவைச் சுருக்குவது, தேடிய சொல்லை மஞ்சளில் காட்டுவது போன்ற வேலைகளுக்கு டெம்ப்ளேட் ஃபில்டர் (பக்கத்தில் காட்டும் முன் மதிப்பை மாற்றித் தரும் சிறு ஃபங்ஷன்) எழுதக் கற்றுக்கொள்பவர்கள் இடறும் இடங்கள் அநேகமாக ஒரே மாதிரிதான். அந்த வரிசையிலேயே போகிறேன்.

ஒரு குறிப்பு: ஜாங்கோ, பைத்தான் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஒரு பெயரில் இடைவெளி இருந்தால் நிரலில் அங்கே அடிக்கோடு வரும். 'மார்க் சேஃப்' என்றால் நடுவில் அடிக்கோடு; 'லைன்பிரேக்ஸ்' என்றால் ஒரே சொல்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜாங்கோ ப்ராஜெக்ட், அதில் குறைந்தது ஒரு ஆப். அந்த ஆப்பின் பெயர் செட்டிங்ஸ் கோப்பில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கீழே சொல்லும் எதையும் ஜாங்கோ தேடிப் பார்க்கவே பார்க்காது.

இன்னொன்று, சோதனைக்கு நல்ல தமிழ் உரை. 'அஆஇஈ' என்று தட்டிச் சோதிப்பவர்கள் உயிர்மெய்க் குறிகளில் வரும் பிழைகளைக் கடைசிவரை பார்ப்பதில்லை. நூ, கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ எல்லாம் வரும்படி நாலு வரி எழுதி ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. இருப்பதை முதலில் தேடுங்கள்

பத்தி பிரிக்க லைன்பிரேக்ஸ், இணைப்பை அழுத்தக்கூடியதாக்க யூஆர்லைஸ், மதிப்பு இல்லாதபோது வேறு சொல் காட்ட டிஃபால்ட், தசம இடங்களுக்கு ஃப்ளோட்ஃபார்மேட் எல்லாம் ஜாங்கோவிலேயே இருக்கின்றன. இவற்றைத் திரும்ப எழுதி நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

சொந்த ஃபில்டர் தேவைப்படுவது, இருப்பது தமிழுக்கோ நம் ஊர் வழக்கத்துக்கோ பொருந்தாத இடத்தில்தான். ஒரே கணக்கை இரண்டு டெம்ப்ளேட்டுகளில் எழுதுகிறீர்கள் என்றால் அதுவும் ஒரு அடையாளம்.

தரவுத்தளத்தில் இருக்கும் உரையைத் திருத்தி வைத்துவிட்டால் ஃபில்டரே வேண்டாமே என்று கேட்பார்கள். செய்யாதீர்கள். காற்புள்ளி போட்டுச் சேமித்த தொகையைக் கூட்ட முடியாது. சுருக்கிச் சேமித்த பதிவை நீட்ட முடியாது. காட்டும்போது மட்டும் மாற்றுங்கள்.

3. கோப்பை வைக்கும் இடம்

ஆப்பின் உள்ளே, மாடல்ஸ் கோப்பு இருக்கும் அதே மட்டத்தில், 'டெம்ப்ளேட்டேக்ஸ்' என்ற கோப்புறை வேண்டும். ஒரே சொல், கடைசியில் பன்மை எழுத்து உண்டு. அதை விட்டுவிட்டு அரைமணி நேரம் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே, இருபுறமும் இரட்டை அடிக்கோடு வைத்த 'இனிட்' என்ற வெற்றுக் கோப்பு ஒன்று. ஃபில்டர்கள் எழுதும் கோப்பு ஒன்று.

இரண்டாவது கோப்பின் பெயரைத்தான் டெம்ப்ளேட்டில் லோடு செய்யப் போகிறீர்கள். அது ஒட்டுமொத்த ப்ராஜெக்ட்டுக்கும் பொதுவான பெயர். இரண்டு ஆப்களில் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். அதனால் ஆப்பின் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பை உருவாக்கியதும் சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டுங்கள். இருக்கும் கோப்பைத் திருத்தினால் ரன்சர்வர் தானாகவே எடுத்துக்கொள்ளும். புதிதாகச் சேர்த்த டெம்ப்ளேட்டேக்ஸ் கோப்புக்கு மட்டும் மறுதொடக்கம் தேவை.

4. முதல் ஃபில்டர்: லட்சக் காற்புள்ளி

ஃபில்டர் என்பது சாதாரண பைத்தான் ஃபங்ஷன்தான். ஒரு மதிப்பை வாங்கி இன்னொன்றைத் திருப்பித் தரும். விரும்பினால் இரண்டாவதாக ஒரு அளவுரு சேர்க்கலாம். அதற்கு மேல் ஃபில்டரில் இடமில்லை. மூன்று நாலு வேண்டுமென்றால் 'சிம்பிள் டேக்' பக்கம் போக வேண்டும்.

1234567 என்ற எண் 12,34,567 என்று வர வேண்டும். முறை எளிது: கடைசி மூன்று இலக்கங்களைத் தனியே எடு, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரி, காற்புள்ளியால் சேர். இதை எழுதியதும் எல்லாரும் முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

எதிர்மறை எண். -100 என்பதை அப்படியே ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஆக்கினால் நான்கு குறிகள். கடைசி மூன்று 100, மீதி வெறும் கழித்தல் குறி. விடை '-,100'. குறியை முதலில் கழற்றி வைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு மாட்டுங்கள்.

தசமம். 1234.50 என்று வந்தால் புள்ளியில் முதலில் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி மூன்று என்று '.50' போய்விடும்.

ஒன்றும் இல்லாமல் வருவது. டெம்ப்ளேட்டில் மாறியின் பெயரைத் தப்பாகத் தட்டினால் ஜாங்கோ கத்தாது. இயல்பான அமைப்பில், உங்கள் ஃபில்டருக்கு வெற்று ஸ்ட்ரிங்கை அனுப்பும். தரவுத்தளத்தில் மதிப்பில்லாத புலமாக இருந்தால் 'நன்' வரும். இந்த இரண்டுக்கும் வெற்று ஸ்ட்ரிங்கைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு தொகை இல்லை என்பதற்காக முழுப் பக்கமும் பிழையாக விழக்கூடாது.

ரூபாய்க் குறியை ஃபில்டருக்குள் சேர்க்காதீர்கள். நாளை மக்கள்தொகையைக் காட்ட அதே ஃபில்டர் வேண்டியிருக்கும். டெம்ப்ளேட்டில் 'ரூ.' என்று எழுதி, நடுவில் உடையாத இடைவெளி வையுங்கள். கைப்பேசித் திரையில் 'ரூ.' ஒரு வரியிலும் தொகை அடுத்த வரியிலும் நிற்பது பார்க்கச் சகிக்காது.

5. பதிவு செய்து அழைப்பது

கோப்பின் தலையில் டெம்ப்ளேட் லைப்ரரியை உருவாக்கி 'ரெஜிஸ்டர்' என்ற மாறியில் வைக்க வேண்டும். அந்தப் பெயர்தான்; வேறு பெயர் வைத்தால் ஜாங்கோ ஏற்காது. ஃபங்ஷனுக்கு மேலே ரெஜிஸ்டர்.ஃபில்டர் டெக்கரேட்டரை (@ குறியோடு தொடங்கும் வரி) போட்டால் பதிவாகிவிடும்.

ஃபங்ஷன் ஸ்ட்ரிங்கை மட்டும் எதிர்பார்க்கிறது என்றால் அதற்கும் கீழே 'ஸ்ட்ரிங்ஃபில்டர்' டெக்கரேட்டரையும் போடுங்கள். வரும் மதிப்பை முதலில் ஸ்ட்ரிங் ஆக்கிக் கொடுக்கும். வரிசை முக்கியம்: ரெஜிஸ்டர் மேலே, ஸ்ட்ரிங்ஃபில்டர் கீழே.

டெம்ப்ளேட்டில் அழைக்கும்போது முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாதீர்கள். அடுத்த படியில் எழுதப்போகும் சுருக்கும் ஃபில்டரை 'சுருக்கு' என்று வைத்துக்கொண்டால், 'சுருக்கு:80' சரி, 'சுருக்கு: 80' பிழை.

பிழைச் செய்தி இரண்டு வகையாக வரும், பிரித்துப் படித்தால் வேலை பாதி முடிந்தது. 'இது பதிவான டேக் லைப்ரரி அல்ல' என்றால் இடத்தில் கோளாறு: கோப்புறைப் பெயர், இன்ஸ்டால்டு ஆப்ஸ், அல்லது சர்வரை மறுதொடக்கம் செய்யாதது. 'செல்லாத ஃபில்டர்' என்றால், இந்த டெம்ப்ளேட்டில் லோடு வரி இல்லை, அல்லது டெக்கரேட்டர் விட்டுப்போனது.

லோடு வரி பரம்பரையாக வராது. தாய் டெம்ப்ளேட்டில் லோடு செய்திருந்தாலும் எக்ஸ்டெண்ட்ஸ் செய்யும் பிள்ளையில் திரும்ப எழுத வேண்டும். இன்க்ளூட் செய்யும் துண்டிலும் அப்படியே. எக்ஸ்டெண்ட்ஸ் வரிதான் முதல் டேக்காக இருக்க வேண்டும், லோடு அதற்கு அடுத்து. செட்டிங்ஸில் 'பில்டின்ஸ்' பட்டியலில் சேர்த்தால் எங்கும் லோடு வேண்டாம்தான். எனக்கு அது பிடிக்காது. ஆறு மாதம் கழித்து டெம்ப்ளேட்டைத் திறப்பவருக்கு அந்த ஃபில்டர் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

6. தமிழைச் சுருக்குவது

ஜாங்கோவில் ட்ரங்கேட்சார்ஸ் என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. 'தமிழ் நூலகம்' என்ற உரைக்கு அதை 7 என்று கொடுத்துப் பாருங்கள். 'தமிழ் ந…' என்று வரும். 'நூ' என்ற எழுத்து 'ந' ஆகிவிட்டது.

காரணம் இது. நாம் ஓர் எழுத்து என்று நினைப்பது யூனிகோடில் (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் முறை) இரண்டு குறியெண்களாக இருக்கலாம். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ட்ரங்கேட்சார்ஸ் முழுக்கக் கண்மூடித்தனமாக வெட்டுவதில்லை. யூனிகோடில் 'சேர்ப்பு வகுப்பு எண்' சுழியமாக இல்லாத குறிகளைக் கணக்கில் சேர்க்காமல் தாண்டிவிடும். தமிழ்ப் புள்ளிக்கு அந்த எண் 9. அதனால் புள்ளி தப்பிவிடுகிறது. கால், கொம்பு, சுழி எல்லாவற்றுக்கும் சுழியம். அவை தனி எழுத்தாக எண்ணப்பட்டு, வெட்டும் இடத்தில் மாட்டினால் உதிர்ந்துபோகும். அதனால்தான் இந்தப் பிழை சில பதிவுகளில் தெரியும், சிலவற்றில் தெரியாது.

நம் ஃபில்டரை இப்படி அமையுங்கள். முதலில் பைத்தானின் யூனிகோடுடேட்டா மாட்யூலைக் கொண்டு உரையை 'என்எஃப்சி' வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். 'கொ' என்பதை ககரம் + ஒகரக் குறி என்றும் எழுதலாம், ககரம் + எகரக் குறி + கால் என்றும் எழுதலாம்; திரையில் வித்தியாசம் தெரியாது. என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஔகாரக் குறியின் வால் பகுதிக்குப் பதில் ளகரத்தைத் தட்டிய 'கெள'வை மட்டும் அது திருத்தாது. அது தட்டச்சுப் பிழை, நம் வேலை அல்ல.

அடுத்து, ஒவ்வொரு குறியெண்ணாகப் போங்கள். அதன் யூனிகோடு வகை 'எம்' என்ற எழுத்தில் தொடங்கினால் (அது ஒட்டுக்குறி என்று பொருள்) முந்தைய எழுத்தோடு ஒட்டுங்கள். இல்லையென்றால் புது எழுத்து. அகலமில்லா இணைப்பான், பிரிப்பான் இரண்டும் 'எம்' வகையில் வராது. அவற்றையும் முந்தையதோடு ஒட்டுங்கள். இப்போது கையில் இருப்பது உண்மையான எழுத்துப் பட்டியல். கேட்ட அளவுக்குள் இருந்தால் உரையை அப்படியே திருப்புங்கள். மிஞ்சினால் அந்த அளவில் வெட்டி, பின்னோக்கிக் கடைசி இடைவெளிவரை வந்து, அங்கே முப்புள்ளி வையுங்கள். முதல் சொல்லே அளவை மீறினால் மட்டும் சொல்லின் நடுவில் வெட்டலாம்.

இடைவெளிவரை பின்வாங்குவதில் இன்னொரு லாபம். இந்த முறையில் க்ஷ, ஸ்ரீ இரண்டும் இரண்டிரண்டு எழுத்தாகத்தான் எண்ணப்படும். சொல் முடிவில் வெட்டுவதால் அவை பெரும்பாலும் பிளவுபடாது.

எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஒரு சிக்கல் தீராது. தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். 'நாளை பள்ளிக்கு விடுமுறை இல்லை' என்பதைச் சுருக்கினால் 'நாளை பள்ளிக்கு விடுமுறை…' என்று நிற்கும். அறிவிப்புப் பட்டியல்களில் சுருக்கும் ஃபில்டரைப் போடவே வேண்டாம். சுருக்கத்துக்குத் தனிப் புலம் வைத்து, எழுதுபவரையே எழுதச் சொல்லுங்கள்.

இதே நோய் இன்னும் இரண்டு இடங்களில் உண்டு. தலைப்பை இணைய முகவரிக்கு ஏற்றபடி மாற்றும் ஸ்லக்கிஃபை ஃபில்டர் தமிழ் எழுத்துகளை முழுக்கத் துடைத்துவிடும். அதே பெயரிலான ஃபங்ஷனை 'அலவ் யூனிகோடு' சேர்த்து அழைத்தாலும் 'தமிழ்' என்பது 'தமழ' ஆகிவிடும்; பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கருதுவதில்லை. ஃபில்டருக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டாலும் அங்கேதான் முட்டும். பைத்தான் ஏற்கும், டெம்ப்ளேட் ஏற்காது. ஆங்கிலப் பெயரே வையுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் 'சுருக்கு' வெறும் விளக்கத்துக்கு.

7. மார்க்கப் சேர்க்கும் ஃபில்டர்: இங்கே அவசரப்படாதீர்கள்

தேடிய சொல்லை மஞ்சளில் காட்டும் ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். உரையில் அந்தச் சொல் வரும் இடத்தில் 'மார்க்' டேக்கைச் சுற்ற வேண்டும். முதல் முயற்சியில் டேக் டேக்காகவே பக்கத்தில் எழுத்தில் தெரியும். ஜாங்கோ <, >, &, ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள் ஆகிய ஐந்தையும் தானாகவே எஸ்கேப் செய்கிறது, அதாவது உலாவி டேக்காக எடுக்காமல் வெறும் எழுத்தாகக் காட்டும்படி மாற்றுகிறது. உடனே இணையத்தில் தேடி, டெம்ப்ளேட்டில், எஸ்கேப் செய்யாதே என்று சொல்லும் 'சேஃப்' ஃபில்டரைச் சேர்த்துவிடுவார்கள். தெரிய வேண்டியது தெரிந்துவிடும், கதவும் திறந்துவிடும்: உரையிலோ தேடல் சொல்லிலோ யாராவது ஸ்கிரிப்ட் டேக்கை எழுதியிருந்தால் அதுவும் ஓடும். தேடல் சொல் முகவரியிலிருந்தே வருகிறது. இணைப்பை ஒருவர் அனுப்பி இன்னொருவர் அழுத்தினால் போதும்.

மார்க் சேஃப் என்ற ஃபங்ஷன் எதையும் பாதுகாப்பானதாக மாற்றாது. 'இதை நான் பார்த்துவிட்டேன், நம்பு' என்று நீங்கள் போடும் கையெழுத்து அது. பார்க்காமல் போடாதீர்கள்.

சரியான வரிசை: முதலில் மூல உரையைத் தேடல் சொல் வரும் இடங்களில் துண்டுகளாக வெட்டுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எஸ்கேப் செய்யுங்கள். பொருந்திய துண்டுகளை மட்டும் 'ஃபார்மேட் எச்டிஎம்எல்' மூலம் மார்க் டேக்கில் வையுங்கள். அதற்குக் கொடுக்கும் மதிப்புகளை அதுவே எஸ்கேப் செய்துகொள்ளும். எல்லாவற்றையும் சேர்த்து, கடைசியில் ஒரே ஒருமுறை மார்க் சேஃப்.

முழு உரையையும் எஸ்கேப் செய்துவிட்டு அதில் தேடினால் என்ன? & என்ற குறி எஸ்கேப் ஆனதும் சில ஆங்கில எழுத்துகளாக விரியும். யாராவது அந்த எழுத்துகளைத் தேடினால் உங்கள் டேக் அந்தக் குறிக்குள் புகுந்து அதை உடைக்கும்.

ஃபார்மேட் எச்டிஎம்எல்லில் ஒரு பொறி: அதற்குள் எஃப்-ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் மதிப்பு ஏற்கெனவே உள்ளே கலந்துவிட்டது, எஸ்கேப் நடக்காது. மதிப்புகளைத் தனி அளவுருவாகவே கொடுங்கள். அளவுருவே இல்லாமல் அழைப்பதை ஜாங்கோ 5.0 முதல் கைவிடத் தொடங்கிவிட்டார்கள்.

தமிழுக்கே உரிய சோதனை ஒன்று பாக்கி. 'க' என்று தேடினால் 'கி'யின் முதல் பாதியும் பொருந்தும். டேக் ககரத்துக்கும் இகரக் குறிக்கும் நடுவில் போய் நிற்க, குறி அநாதையாகி, புள்ளிவட்டத்தோடு தெரியக்கூடும். பொருத்தம் முடியும் இடத்துக்கு அடுத்த குறியெண் 'எம்' வகையா என்று பாருங்கள். ஆம் என்றால் அந்தப் பொருத்தத்தை விட்டுவிடுங்கள். அல்லது அந்த எழுத்து முடியும்வரை நீட்டிக்கொள்ளுங்கள். 'மரம்' தேடுபவருக்கு 'மரமும்' என்பதும் கிடைக்க வேண்டுமென்றால் புள்ளியைக் கழற்றிவிட்டு இரண்டாவது வழியில் போங்கள்.

8. சங்கிலியில் எது முன்னே

ஃபில்டர்கள் இடமிருந்து வலமாக ஓடும். 'உரை|லைன்பிரேக்ஸ்|சுருக்கு:80' என்று எழுதினால் முதலில் பத்தி டேக்குகள் சேரும், பிறகு டேக்கோடு சேர்த்து வெட்டு விழும். அந்த விடை எஸ்கேப் ஆனால் டேக்குகள் எழுத்தாகவே பக்கத்தில் தெரியும்; எஸ்கேப் ஆகாமல் விட்டால் மூடாத டேக் ஒன்று நின்று, கீழே உள்ள பக்க அமைப்பையும் இழுத்துக்கொண்டு போகும். 'உரை|சுருக்கு:80|லைன்பிரேக்ஸ்' என்பதே சரி. துப்புரவு, வெட்டு, எஸ்கேப், மார்க்கப் என்ற வரிசை மாறக்கூடாது.

இதனால்தான் சுருக்கு ஃபில்டருக்கு 'இஸ் சேஃப்' கொடியை (பாதுகாப்பானது என்று குறித்த உரை உள்ளே வந்தால் விடையையும் எஸ்கேப் செய்ய வேண்டாம் என்று சொல்வது) நான் வைப்பதில்லை. எழுத்துகளை நீக்கும் ஃபில்டர், எஸ்கேப் ஆன ஒரு குறியின் நடுவிலும் வெட்டலாம். ஏற்கெனவே டேக் உள்ள உரையைச் சுருக்க வேண்டுமென்றால் அதற்கென ட்ரங்கேட்சார்ஸ் எச்டிஎம்எல் இருக்கிறது. உயிர்க்குறிச் சிக்கல் அதிலும் உண்டு.

9. நேரம்

'மாலை 6.30' என்று காட்ட ஒரு ஃபில்டர் எழுதுவது பத்து நிமிட வேலை. மணியை 12-ஆல் வகுத்து மீதி எடுக்கும்போது நண்பகலில் 0 வரும், அதை 12 ஆக்க மறக்காதீர்கள். எது மாலை, எது இரவு என்ற எல்லையை உங்கள் வாசகர்கள் பேசும் வழக்கப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது நேர மண்டலத்தில். ஜாங்கோ நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) வைக்கும். உள்ளமைந்த டேட் ஃபில்டர் அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் காட்டும். உங்கள் ஃபில்டருக்கு அந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. பதிவு செய்யும்போது 'எக்ஸ்பெக்ட்ஸ் லோக்கல்டைம்' உண்மை என்று சொல்ல வேண்டும். மறந்தால் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். 15-ஆம் தேதி அதிகாலை 2 மணிப் பதிவு 14-ஆம் தேதி இரவு 8.30 ஆகிவிடும். செட்டிங்ஸில் டைம் ஜோன் ஏசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது அங்கே யூடிசி என்றுதான் இருக்கும்.

10. பன்மையும் வேற்றுமை உருபும்

ப்ளூரலைஸ் ஃபில்டருக்கு இரண்டு விகுதிகள் கொடுக்கலாம். 'பாட' என்று எழுதி ஒட்டாக 'ம்,ங்கள்' கொடுத்தால் பாடம், பாடங்கள் கிடைக்கும். ஆனால் நாள் நாட்களாகும், பூ பூக்களாகும், கல் கற்களாகும். சொல்லை நடுவில் உடைத்து எழுதிய டெம்ப்ளேட்டைப் பிறகு யாராலும் படிக்க முடியாது. எண், ஒருமைச் சொல், பன்மைச் சொல் என மூன்றையும் வாங்கும் ஒரு சிம்பிள் டேக் எழுதி, இரண்டு சொல்லையும் முழுதாகக் கொடுங்கள்.

வேற்றுமை உருபுக்கு மட்டும் ஃபில்டர் எழுதாதீர்கள். 'குமார்இன் பதிவு' என்று பக்கத்தில் தெரிவதைப் பார்த்துவிட்டு நானும் ஒருமுறை எழுத உட்கார்ந்தேன். புள்ளியில் முடிந்தால் புள்ளியை எடுத்து இகரக் குறி: குமாரின். ஆகாரத்தில் முடிந்தால் வகரம்: ராஜாவின். இகரத்தில் முடிந்தால் யகரம்: மணியின். நன்றாகத்தான் போனது. அப்புறம் செல்வம் வந்தார்: செல்வத்தின். அவர் பின்னாலேயே சலீம் வந்தார்: சலீமின். இரண்டும் மகர ஒற்றில் முடிகின்றன. எது எந்தப் பக்கம் என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஃபில்டரை அழித்துவிட்டு டெம்ப்ளேட்டில் 'எழுதியவர்: சலீம்' என்று மாற்றினேன்.

11. சோதனை

ஃபில்டர் சாதாரண ஃபங்ஷன் என்பதால் டெம்ப்ளேட் இல்லாமலே ஷெல்லில் அழைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு ஃபில்டருக்கும் நான் கொடுப்பவை: வெற்று ஸ்ட்ரிங், நன், வெறும் எண், ஒரே எழுத்து, முதல் படியில் எழுதி வைத்த அந்த நாலு வரி.

அதோடு நிறுத்தாமல், ஜாங்கோவின் டெம்ப்ளேட் வகுப்பில் லோடு வரியோடு ஒரு சிறு டெம்ப்ளேட் ஸ்ட்ரிங் எழுதி அதை ரெண்டர் செய்தும் பாருங்கள். எஸ்கேப் நடக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். ஃபங்ஷனை நேரடியாக அழைத்தால் தெரியாது. உரையில் ஒரு < குறியும் ஒரு & குறியும் இருக்கட்டும். வெளிவந்த விடையில் அந்த < அப்படியே நின்றால் ஏழாம் படிக்குத் திரும்புங்கள். & இரண்டு முறை விரிந்திருந்தால் எங்கோ இருமுறை எஸ்கேப் ஆகிறது; பெரும்பாலும் ஃபில்டர் கையால் எஸ்கேப் செய்துவிட்டு மார்க் சேஃப் போடாமல் திருப்பியிருக்கும்.